வீகன் உணவோடு தசை வளர்ப்பு: தாவரப் பொடியா, வே புரோட்டீனா, ஊசியா?

கோலாலம்பூரின் செந்தூல், பிரிக்பீல்ட்ஸ் பக்கத்து ஜிம்களிலும் பினாங்கில் ஜோர்ஜ்டவுன், பட்டர்வொர்த் ஜிம்களிலும் எடை தூக்கும் நம் இளைஞர்களில், இறைச்சி, மீன், முட்டையோடு பாலையும் விட்டுவிட்ட வீகன்கள் இப்போது அங்கங்கே இருக்கிறார்கள். விலங்குகளுக்காக விட்டவர்கள் சிலர். தைப்பூச விரதத்தில் தொடங்கி, பிறகு அசைவத்துக்குத் திரும்ப மனம் வராமல் போனவர்கள் சிலர். அப்பாவுக்கு மாரடைப்பு வந்ததைப் பார்த்துப் பயந்துபோய் மாறியவர்களும் உண்டு. இவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் வந்து முட்டிக்கொள்கிறார்கள். மாதக்கணக்கில் பயிற்சி செய்தும் எடை ஏறவில்லை. வே எனப்படும் பால் புரதத்துக்குத் திரும்பிவிடலாமா, அல்லது ஜிம்மில் மூத்த அண்ணன் ஒருவர் சொல்வதுபோல் ஒரு சைக்கிள், அதாவது சில வாரச் சுற்று, ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டு வீகனாகவே இருந்துவிடலாமா என்று கேட்கிறார்கள்.

தாவர உணவில் ஏதோ குறைகிறது, அந்தக் குறையை ஸ்டீராய்டு (டெஸ்டோஸ்டெரோன் என்ற ஆண் ஹார்மோனும் அதைப் போன்ற மருந்துகளும்) ஈடுகட்டும் என்ற கணக்கு இதற்குள் இருக்கிறது. அந்தக் கணக்கு தவறு. தாவர உணவில் குறைவாகவோ இல்லாமலோ இருப்பவை லியூசின் என்ற அமினோ அமிலம், பி12 வைட்டமின், தசையின் ஆற்றலுக்கு உதவும் கிரியேட்டின் போன்றவை. இவற்றில் ஒன்றைக்கூட ஸ்டீராய்டு தருவதில்லை. இருந்தாலும் மூன்று வழிகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால்தான் எது எதற்கு உதவும் என்பது விளங்கும்.

எதைக் கொண்டு அளப்பது

முதல் அளவுகோல், ஓராண்டில் கூடும் உண்மையான தசை. கண்ணாடியில் தெரியும் நீர்க்கோப்பு கணக்கில் வராது. இரண்டாவது, கொழுப்பு, கல்லீரல், சிறுநீரகம், இரத்த அழுத்தம் ஆகியவை அந்த ஓராண்டில் எந்தப் பக்கம் நகர்கின்றன என்பது. மூன்றாவது செலவு, இதில் பையிலிருந்து இன்று போகும் பணமும், பிறகு மருத்துவரிடம் கொடுக்கப்போகும் பணமும் அடங்கும். நான்காவது, எந்தக் காரணத்துக்காக வீகன் ஆனோமோ அந்தக் காரணம் இந்த வழியில் நிற்குமா என்பது. ஐந்தாவது, போதும் என்று தோன்றும் நாளில் பழைய நிலைக்குத் திரும்ப முடியுமா என்பது. ஐந்தாவதற்குத்தான் நான் அதிக மதிப்புக் கொடுக்கிறேன், ஏனென்றால் 22 வயதில் எடுக்கும் முடிவுக்கு, 32 வயதில் பிள்ளைக்காகக் காத்திருக்கும்போது விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

எவ்வளவு புரதம் வேண்டும் என்பதில் பெரிய மர்மம் எதுவும் இல்லை. 2018-இல் 49 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த பகுப்பாய்வின்படி, எடைப் பயிற்சி செய்பவர்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 1.6 கிராம் வரை புரதம் கூடக்கூடப் பலனும் கூடுகிறது. அதைத் தாண்டினால் சராசரியில் பெரிதாக எதுவும் சேர்வதில்லை. 75 கிலோ எடையுள்ளவருக்கு அது 120 கிராம். எடை ஏறவில்லை என்று வருபவர்களிடம், ஒரு வாரம் சாப்பிட்டதையெல்லாம் எழுதிக்கொண்டு வரச் சொன்னால், பலருக்கு அந்தக் கணக்கு 60, 70 கிராமிலேயே நின்றுவிடுகிறது. அப்படிப்பட்டவர் மூன்று வழிகளைப் பற்றி யோசிக்கும் கட்டத்துக்கே இன்னும் வரவில்லை. முதலில் அவர் சாப்பிட வேண்டும்.

முதல் வழி: தாவர உணவும், பட்டாணி அல்லது சோயாப் பொடியும்

தாவரப் புரதத்தால் தசை வளராது என்ற பேச்சுக்கு நேரடியான பதில், பிரேசிலில் நடந்து 2021-இல் வெளியான ஓர் ஆய்வில் இருக்கிறது. வீகன் இளைஞர்கள் 19 பேரும் எல்லாம் சாப்பிடும் இளைஞர்கள் 19 பேரும் 12 வாரம் ஒரே பயிற்சியைச் செய்தார்கள். இரு தரப்பினருக்கும் நாளொன்றுக்கு ஒரு கிலோ எடைக்கு 1.6 கிராம் புரதம் கிடைக்கும்படி, வீகன்களுக்குச் சோயாப் பொடியும் மற்றவர்களுக்கு வே பொடியும் கொடுக்கப்பட்டன. கால் தசையின் வளர்ச்சியிலும் பலத்திலும் இரு தரப்புக்கும் வேறுபாடு தெரியவில்லை. பங்கேற்றவர்கள் தொடக்க நிலையில் இருந்தவர்கள் என்பதால், பல ஆண்டு பயிற்சிக்குப் பிறகு ஆணழகன் போட்டி மேடை ஏறப்போகிறவருக்கு இதை அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனால் கேள்வி கேட்டு வருபவர்களில் பெரும்பாலோர் மேடை ஏறப்போகிறவர்கள் அல்லர்.

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் இருப்பவருக்கு ஒரு வசதி உண்டு: மற்ற ஊர்களில் தேடி அலைய வேண்டிய பொருள்கள் இங்கே எந்தப் பாசாரிலும் கிடைக்கின்றன. கீழே உள்ளவை சுமாரான அளவுகள். நிறுவனத்துக்கு நிறுவனம் சற்று மாறும்.

| உணவு | அளவு | புரதம் |
|---|---|---|
| தெம்பே (நொதிக்க வைத்த சோயாக் கட்டி) | 100 கிராம் | 19 கிராம் |
| தௌகுவா (கெட்டியான டோஃபு) | 100 கிராம் | 13 கிராம் |
| உலர்ந்த சோயா உருண்டை (மீல் மேக்கர்) | 50 கிராம் | 25 கிராம் |
| வேகவைத்த பருப்பு அல்லது கொண்டைக்கடலை | 100 கிராம் | 9 கிராம் |
| நிலக்கடலை | 30 கிராம் | 8 கிராம் |
| சர்க்கரை சேர்க்காத சோயாப் பால் | 250 மி.லி. | 8 கிராம் |
| பட்டாணிப் பொடி அல்லது சோயாப் பொடி | 30 கிராம் | 24 கிராம் |

சோயா உருண்டை 50 கிராம், தெம்பே 150 கிராம், தௌகுவா 150 கிராம், பருப்பு 150 கிராம், ஒரு குவளை சோயாப் பால், ஒரு கரண்டிப் பொடி ஆகியவற்றைக் கூட்டினால் 118 கிராம் வருகிறது. சோறும் தோசையும் தரும் புரதம் இதற்கு மேல். இத்தனைக்கும் ஆகும் செலவில் பொடிதான் விலை கூடிய பொருள். சோயா ஆண்மையைக் குறைக்கும் என்ற பயத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம்: ஆண்களிடம் நடத்திய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சோயா உணவு டெஸ்டோஸ்டெரோன் அளவை மாற்றவில்லை. சோயாவுக்குப் பயந்து ஊசிக்குப் போவதை நான் பார்க்கும்போதெல்லாம் சிரிப்பதா அழுவதா என்று தெரிவதில்லை. இயற்கையாகச் சுரக்கும் டெஸ்டோஸ்டெரோனை உண்மையில் நிறுத்துவது அந்த ஊசிதான்.

லியூசின் விஷயத்தில் ஒரு சிறிய திருத்தம் தேவை. தசை உருவாக்கத்தைத் தூண்டும் இந்த அமினோ அமிலம் வே புரதத்தில் நூற்றுக்குப் பத்து அல்லது பதினொரு பங்கு. சோயா, பட்டாணிப் புரதங்களில் எட்டுப் பங்கு. எனவே ஒரு வேளைக்கு வே 25 கிராம் புரதம் செய்வதைத் தாவரப் பொடியில் 33 கிராம் அளவில் செய்துகொள்ளலாம். இடைவெளி அவ்வளவுதான்.

மறைந்திருக்கும் செலவுகள் பணத்தைவிட நேரத்திலும் கவனத்திலும்தான் அதிகம். கலவைச் சோற்றுக் கடையில் கண்ணாடிக்குப் பின்னால் சிவப்பாக மின்னும் சம்பல் தெம்பேயைப் பாருங்கள்: சுத்தத் தாவர உணவு போலத் தெரியும், கரண்டியால் புரட்டினால் அடியில் நெத்திலி கிடக்கும், நெத்திலி இல்லாவிட்டாலும் சம்பலில் பெலாச்சான் (இறால் விழுது) இருக்கும். ரொட்டி சானாய் மாவில் நெய்யோ கெட்டிப்பாலோ சேரும் கடைகள் பல. சீனர்களின் சைவ உணவகங்களிலும், ஒன்பதாம் சீன மாதத்தில் அம்பாங்கிலும் ஜோர்ஜ்டவுனிலும் நவராஜ தெய்வங்களின் விழாவுக்காக முளைக்கும் மஞ்சள் கொடிக் கடைகளிலும் புரதம் நிறையக் கிடைக்கும். ஆனால் அங்குள்ள போலி இறைச்சிகள் சிலவற்றில் முட்டை வெள்ளைக்கருவும் பால் பொடியும் இருக்கும். எண்ணெயும் உப்பும் தாராளம். ஆகவே வாரத்தில் பெரும்பகுதி வீட்டில்தான் சமைக்க வேண்டியிருக்கும். அம்மா சமைத்துத் தரும் வீட்டில் அது அம்மாவின் வேலையாக மாறிவிடுகிறது என்பதையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நார்ச்சத்து கூடுவதால் வயிறு சீக்கிரம் நிரம்பும். எடை கூட்டும் காலத்தில் இது உண்மையான இடைஞ்சல். நிலக்கடலை, தேங்காய், எள், எண்ணெய் ஆகியவற்றால் கலோரியைக் கூட்டுவதும், ஒரு வேளையைத் திரவமாக்கிக்கொள்வதும் உதவும். பி12 மாத்திரை கட்டாயம். தெம்பேயில் பி12 இருக்கிறது என்ற நம்பிக்கையில் யாரும் இருந்துவிடக் கூடாது. கிரியேட்டின் நாளுக்கு 3 முதல் 5 கிராம் போதும். அது தொழிற்சாலையில் வேதி முறையில் செய்யப்படுவது, விலங்கிலிருந்து எடுப்பதில்லை. தாவர உணவுக்காரர்களின் தசையில் கிரியேட்டின் இருப்பு குறைவு என்பதால் அவர்களுக்குப் பலனும் கூடுதலாகத் தெரிகிறது. ஜெலட்டின் உறையைத் தவிர்க்கப் பொடியாக வாங்கலாம். வைட்டமின் டி3 பெரும்பாலும் ஆட்டு ரோமக் கொழுப்பிலிருந்து வருவது என்பதால், லைக்கன் எனும் கற்பாசியிலிருந்து எடுத்ததா என்று பார்த்து வாங்க வேண்டும். சில தாவரப் புரதப் பொடிகளில் ஈயமும் காட்மியமும் கூடுதலாகக் கண்டறியப்பட்டிருக்கின்றன. வெளி ஆய்வகச் சான்று காட்டும் பொடியை வாங்குவதும், பொடியை நாளுக்கு ஒன்றிரண்டு கரண்டிக்குள் நிறுத்திக்கொண்டு மீதியை உணவிலிருந்து எடுப்பதும் நல்லது.

இரண்டாவது வழி: பாலை அனுமதித்து, வே புரோட்டீன்

இதைப் பற்றி நீட்டிச் சொல்ல அதிகம் இல்லை. வே நன்றாக வேலை செய்கிறது, எளிதில் கரைகிறது, எந்த ஜிம்மிலும் கிடைக்கிறது. நம் வீடுகளின் சைவச் சமையலில் தயிரும் மோரும் ஏற்கெனவே உண்டு என்பதால், புரட்டாசி மாதத்தில் வீட்டாரோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதும் சுலபமாகிறது. பனீர் 100 கிராமுக்குச் சுமார் 18 கிராம் புரதம் தருகிறது. பி12-உம் ஓரளவு கிடைத்துவிடும்.

பால் ஒத்துக்கொள்ளாத உடல்வாகு நம்மவர்களில் பலருக்கு உண்டு. அவர்களுக்குச் சாதாரண வே பொடி வயிற்றைக் கலக்கும். லாக்டோஸ் குறைந்த ஐசொலேட் வகைக்கு மாறினால் விலை கூடும். அது இறக்குமதிப் பொருள் என்பதால் வெள்ளியின் (ரிங்கிட்டின்) மதிப்பு இறங்கும்போது டப்பாவின் விலை ஏறும். முகப்பரு வரும் தன்மையுள்ளவர்களுக்கு அது கூடலாம். கொள்கை அளவுகோலில் இந்த வழி தோற்கிறது: வே என்பது பாலாடைக்கட்டி செய்யும்போது மிஞ்சும் நீர், சில பாலாடைக்கட்டிகளைத் திரிய வைப்பது கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் நொதி. விலங்குகளுக்காக வீகன் ஆனவர் இதை ஏற்க மாட்டார். உடல்நலத்துக்காக மட்டும் மாறியவருக்கு இது பெரிய தடையாக இருக்காது. வேண்டாம் என்றால் நாளையே நிறுத்திவிடலாம், உடலில் எந்தச் சுவடும் இருக்காது.

மூன்றாவது வழி: வீகன் உணவும் ஸ்டீராய்டு ஊசியும்

ஸ்டீராய்டு வேலை செய்யாது என்று சொல்பவரை ஜிம்மில் யாரும் நம்ப மாட்டார்கள், நம்பவும் கூடாது. 1996-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், உடலின் இயல்பான அளவை மிஞ்சிய டெஸ்டோஸ்டெரோன் 10 வாரம் கொடுக்கப்பட்டது. பயிற்சியும் ஊசியும் சேர்ந்தவர்களுக்குக் கொழுப்பற்ற எடை சராசரியாக 6.1 கிலோ கூடியது. ஊசி மட்டும் போட்டுப் பயிற்சியே செய்யாதவர்களுக்கு 3.2 கிலோ, பயிற்சி மட்டும் செய்தவர்களுக்குச் சுமார் 2 கிலோ. தசை என்ற அளவுகோலில் இந்த வழி மற்ற இரண்டையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும். மற்ற நான்கிலும் அது எங்கே நிற்கிறது என்பதுதான் விஷயம்.

இதயத்திலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் வீகன் உணவுக்கு மாறியவர்களில் பலரின் காரணமே இதயம்தான். 2017-இல் அமெரிக்காவில் எடை தூக்கும் ஆண்கள் 140 பேரைப் பரிசோதித்ததில், ஸ்டீராய்டு பயன்படுத்திய 86 பேரின் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேற்றிய இரத்தத்தின் பங்கு சராசரியாக 52 விழுக்காடு. பயன்படுத்தாத 54 பேருக்கு 63 விழுக்காடு. பரிசோதனை நேரத்தில் ஊசியில் இருந்தவர்களுக்கு அது 49 வரை இறங்கியிருந்தது. இதயத் தமனிகளில் கொழுப்புப் படிவும் பயன்படுத்தியவர்களுக்கே அதிகம். பருப்பும் ஓட்ஸும் கீரையும் சாப்பிட்டு ஒருவர் பாடுபட்டு இறக்கிய எல்டிஎல் எனும் கெட்ட கொழுப்பை ஸ்டீராய்டு ஏற்றிவிடும். நல்ல கொழுப்பு எனப்படும் எச்டிஎல்லை, குறிப்பாக வாயால் விழுங்கும் மாத்திரை வகைகள், சில வாரங்களில் பாதிக்கும் கீழே தள்ளக்கூடியவை. எந்தத் தாவர உணவும் அதைத் திருப்பிக் கொண்டுவராது. அப்பாவின் மாரடைப்பைப் பார்த்து வீகன் ஆன மகன் ஊசியைக் கையில் எடுப்பது, கூரையைச் சரிசெய்துவிட்டு அஸ்திவாரத்தைத் தோண்டுவதற்குச் சமம்.

இரத்தச் சிவப்பணுக்கள் பெருகி இரத்தம் தடிப்பது இன்னொன்று. வீகன் என்பதால் இரும்புச் சத்து குறைந்திருக்கும் என்று தானே முடிவு செய்து, பரிசோதனை இல்லாமல் இரும்பு மாத்திரையும் சேர்த்து விழுங்குபவர்கள் இந்த ஆபத்தைக் கூட்டிக்கொள்கிறார்கள். வாய்வழி ஸ்டீராய்டுகள் கல்லீரலைத் தாக்குகின்றன. வெளியிலிருந்து ஹார்மோன் வந்தவுடன், விதைப்பையை இயக்கும் சமிக்ஞைகளை மூளை நிறுத்திவிடுகிறது: விதைகள் சுருங்குகின்றன, விந்தணு எண்ணிக்கை பூச்சியம் வரை போகலாம். நிறுத்திய பிறகு பலருக்கு மாதங்களில் திரும்புகிறது, சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் இழுக்கிறது, சிலருக்கு முழுதாகத் திரும்புவதே இல்லை. அவர்கள் வாழ்நாள் முழுதும் மருத்துவரின் ஊசியை நம்பியிருக்க வேண்டிவரும். நிறுத்தும் காலத்தில் வரும் மனச்சோர்வைப் பற்றி ஜிம்மில் யாரும் பேசுவதில்லை. மார்பில் கட்டி போலத் திசு வளர்ந்துவிட்டால் அதை எடுக்கப் பெரும்பாலும் அறுவைச் சிகிச்சைதான் வழி; சைக்கிளின் விலையில் அந்தச் செலவை யாரும் சேர்த்துச் சொல்வதும் இல்லை.

கொள்கைப் பக்கம் பார்த்தால் ஒரு விநோதம் இருக்கிறது. டெஸ்டோஸ்டெரோன் இன்று தாவரங்களிலிருந்து எடுக்கும் ஸ்டெரால்களை மாற்றியமைத்தே பெரும்பாலும் செய்யப்படுகிறது. 1940-களில் ஹார்மோன் தொழிலே மெக்சிகோவின் காட்டு வள்ளிக்கிழங்கிலிருந்துதான் மலிவாகக் கிளம்பியது. ஊசியில் கலக்கும் எண்ணெயும் எள், பருத்திவிதை, ஆமணக்கு என்று தாவரமாகவே இருக்கும். இதைச் சொல்லி “ஊசியும் வீகன்தான்” என்று வாதாடுபவர்கள் உண்டு. ஆனால் ஜிம்களில் பெயர்பெற்ற டிரென்போலோன், அமெரிக்க மாட்டுப் பண்ணைகளில் இறைச்சி கூடுவதற்காக மாட்டின் காதில் பதிக்கப்படும் மருந்து. போல்டெனோன் குதிரைகளுக்கான கால்நடை மருந்து. மாட்டிறைச்சியை விட்டவர், மாட்டைக் கொழுக்க வைக்கும் மருந்தைத் தனக்கே ஏற்றிக்கொள்வதை எந்தக் கொள்கையில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

சட்டமும் தெளிவானது. மலேசியாவில் டெஸ்டோஸ்டெரோன் போன்றவை 1952-ஆம் ஆண்டு நச்சுப் பொருள் சட்டத்தின் கீழ் வருபவை. மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்பது குற்றம். பதிவு பெற்ற மருந்தின் பெட்டியில் எம்ஏஎல் என்று தொடங்கும் பதிவு எண் இருக்கும். ஜிம்மில் கை மாறும் குப்பிகளில் பெரும்பாலும் அது இருப்பதில்லை. எண் இல்லாத குப்பியில் லேபிளில் எழுதியிருக்கும் பொருள்தான் இருக்கிறதா, எந்த அளவில் இருக்கிறது, கிருமி நீக்கப்பட்டதா என்று விற்பவருக்கே தெரியாது. ஊக்கமருந்துப் பரிசோதனை உள்ள எந்தப் போட்டியிலும் இவை தடை செய்யப்பட்டவை.

யாருக்கு எது

விலங்குகளுக்காகவோ இதயத்துக்காகவோ வீகன் ஆகி, பயிற்சியில் ஐந்தாறு ஆண்டுகளுக்குள் இருப்பவருக்கு முதல் வழிதான். எடை ஏறவில்லை என்றால் மாற்ற வேண்டியது தட்டையும் தூக்கத்தையும் பயிற்சித் திட்டத்தையும். வேலை நேரம் ஒழுங்கில்லாதவர், வெளியே சாப்பிடுவதைத் தவிர்க்க முடியாதவர், பால் விஷயத்தில் மனத்தடை இல்லாதவர் ஆகியோருக்கு இரண்டாவது வழி எளிது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கொள்கையை முழுதாக விடாமல், ஜிம் நாள்களில் மட்டும் வே எடுத்துக்கொள்பவர்களையும் நான் குறை சொல்வதில்லை.

ஹார்மோன் ஊசி சரியான தேர்வாகும் ஒரே நிலை, மருத்துவர் நோயென்று கண்டறிந்த குறைபாடு. சோர்வு, ஆசைக் குறைவு போன்ற அறிகுறிகளோடு, காலையில் எடுத்த இரத்தத்தில் டெஸ்டோஸ்டெரோன் வெவ்வேறு நாள்களில் இருமுறையாவது குறைவாக இருந்தால்தான் அந்தப் பேச்சே தொடங்கும். அதற்கு முன், குறைவாகச் சாப்பிட்டு நீண்ட காலம் உடலை வற்ற வைத்ததால் ஹார்மோன் இறங்கியிருக்கிறதா, பி12, வைட்டமின் டி குறைந்ததால் வந்த சோர்வா என்று பார்த்துவிட வேண்டும். கட்டுப்பாடாகச் சாப்பிடும் வீகன்களிடம் இவை இரண்டும் அடிக்கடி தட்டுப்படுகின்றன.

ஏற்கெனவே ஊசி போட்டுக்கொண்டிருப்பவருக்கு

இதைப் படிப்பவர்களில் சிலர் ஏற்கெனவே போட்டுக்கொண்டிருப்பார்கள். அவர்கள் மறைக்காமல் ஒரு மருத்துவரிடம் சொல்ல வேண்டும். குடிமக்களுக்கு ஒரு வெள்ளிக் கட்டணத்தில் பார்க்கும் அரசாங்கக் கிளினிக்கிலேயே தொடங்கலாம், தேவைப்பட்டால் அங்கிருந்து நாளமில்லாச் சுரப்பி நிபுணரிடம் அனுப்புவார்கள். இரத்த அழுத்தம், முழு இரத்த எண்ணிக்கை, கொழுப்பு, கல்லீரல், சிறுநீரகம், ஹார்மோன் ஆகியவற்றோடு இதய எக்கோவும் எடுக்கப் பார்க்க வேண்டும். நிறுத்துவதை ஜிம் நண்பரின் மாத்திரைப் பட்டியலை வைத்துச் செய்யாமல் மருத்துவரின் கண்காணிப்பில் செய்ய வேண்டும். இடையில் வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் அன்றே அவரிடம் போக வேண்டும். ஊசியைப் பகிர்ந்துகொண்டவர்கள் ஹெப்பட்டைட்டிஸ் பி, சி, எச்ஐவி பரிசோதனையையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

பரிசோதனைக்கு இரத்தம் கொடுக்கும் முன் ஒரு வாரமாவது கடும் பயிற்சியை நிறுத்திவையுங்கள். கிரியேட்டின் எடுப்பதையும் சொல்லிவிடுங்கள். கால் பயிற்சிக்கு மறுநாள் எடுத்த இரத்தத்தில், கல்லீரலுக்காகப் பார்க்கும் ஏஎஸ்டி, ஏஎல்டி நொதிகள் இரண்டும் தசையிலிருந்தே ஏறிக் காட்டும், சிறுநீரகத்துக்காகப் பார்க்கும் கிரியேட்டினினும் கூடுதலாகத் தெரியும். அப்போது கல்லீரல் உண்மையில் பாதிக்கப்பட்டிருக்கிறதா என்பதை ஜிஜிடி (கல்லீரல் நொதி), சிகே (தசை நொதி) அளவுகளையும், சிறுநீரகத்தின் நிலையைத் தசையைப் பெரிதும் சாராத சிஸ்டாட்டின் சி அளவையும் சேர்த்துப் பார்த்தால்தான் மருத்துவரால் பிரித்தறிய முடியும்.